வடிவக்கா பின்னிய சட்டை

வடிவக்கா பஸ்ஸில் மீன்வலை பின்னிக்கொண்டே போகிறாள், புத்தி கலங்கிவிட்டது என்று எனக்குச் சொன்னவள் ஸ்ரீதேவி. ஸ்ரீதேவிக்குச் சொன்னது அவள் வீட்டுக்காரர். அவருக்குச் சொன்னது, பாவூர்சத்திரத்தில் ஏறித் தினமும் திருநெல்வேலிக்குப் போகும் ஒரு வாத்தியார். வாத்தியார் கண்ணால் பார்த்தாரா, அவரும் யார் வாயிலிருந்தாவது கேட்டாரா என்று தெரியாது.

"கடலே இல்லாத ஊர்ல அவளுக்கு எதுக்குட்டி வலை? சிற்றாத்துல அயிரை புடிக்கவா?" என்று போனில் சிரித்தாள் ஸ்ரீதேவி. எங்களோடு ஒரே தெருவில் வளர்ந்தவள், இன்னும் அதே தெருவில் இருப்பவள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நெசமாவே என்னமோ சரியில்லன்னு பேசிக்கிடுதாவ செல்வி. தினம் விடியுமுன்ன பஸ் ஏறுதா. கை வலிக்கு வைத்தியம்னு வீட்டுல சொல்லுதாவ, நெசமா எங்க போறா, எதுக்குப் போறான்னு ஒருத்தருக்கும் தெரியல. நீ அவகிட்ட பேசுதியா?"

"இல்ல. பேசி ரொம்ப நாளாச்சு" என்றேன்.

அன்று காலைதான் பேசியிருந்தேன். தினமும் பேசினோம். ஆனால் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வடிவக்கா சொல்லியிருந்தாள்.

முத்துவடிவு என் பெரியம்மா மகள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். தென்காசியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஓர் ஆவண எழுத்தரிடம், முதலில் தட்டச்சு இயந்திரத்திலும் பிறகு கம்ப்யூட்டரிலும் பத்திரம் அடிக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்த வேலை. "ஊர்ல பாதிப் பேரோட வடக்கு எல்லை எனக்குத் தெரியும், என் எல்லைதான் எனக்குத் தெரியல" என்பாள். அதிகம் சிரிக்க மாட்டாள். சொல்லிவிட்டு மற்றவர்கள் சிரிப்பதைப் பார்ப்பாள். காலையில் விறைப்பான பருத்திச் சேலை, கையில் சோற்றுத் தூக்கு, நடந்து போய் நடந்து வருவாள். அவளைப் பற்றி ஊர் பேச ஒன்றும் இல்லாமல்தான் நாற்பத்தாறு வருஷம் ஓடியது.

அவள் கணவர் சண்முகநாதன் அத்தான் குற்றாலத்தில் ஒரு காட்டேஜுக்கு மேனேஜர். பத்து நிமிஷப் பஸ் தூரம்தான். ஆனால் சாரல் விழ ஆரம்பித்தால், சீசன் முடிகிறவரை அவருக்கு வீடு கிடையாது. அறை இல்லை என்றால் சண்டை, அறை இருந்தால் வெந்நீர் இல்லை என்று சண்டை, வெள்ளம் அதிகமாகி அருவியில் குளிக்க விடவில்லை என்றால் அதற்கும் அவரிடம்தான் சண்டை. வரவேற்பு மேஜைக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்துக்கொள்வார்.

பங்குனியில் வடிவக்காவுக்கு இடது மார்பை எடுத்தார்கள். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில். ஆரம்ப நிலை, மருந்து ஏற்ற வேண்டாம், மாத்திரை போதும் என்றார்கள். ஆனால் ஐந்து வாரம் கதிர்வீச்சு வைக்க வேண்டும். எங்கள் பக்கம் அதைக் கரண்டு வைப்பது என்பார்கள். சனி, ஞாயிறு தவிர தினமும். அது தொடங்கியபோது ஆனி பிறந்து குற்றாலத்தில் கூட்டம் நெரிந்தது. அத்தான் வர முடியாது. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தனியாகப் போய்த் தனியாக வந்தாள்.

இது அத்தானுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மகள் உமா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவளுக்குச் சுரண்டையில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இந்த வியாதி என்று தெரிந்தால் மகளுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று வடிவக்கா பயந்தாள். பயம் பொய்யில்லை, எங்கள் தெருவிலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது. உமாவிடமும் சாதாரணக் கட்டி, எடுத்தாச்சு என்றுதான் சொல்லியிருந்தாள்.

ஒரே வீட்டில் இருந்த பேராச்சி மயினிக்கும் அதே கதைதான். பேராச்சி அத்தானின் அக்கா. கணவர் இறந்தபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சமையல், துவைப்பு எல்லாம் அவள் ராஜ்யம். வடிவக்காவின் சேலைகள் அப்படி விறைத்து நிற்பதற்குக் காரணமும் அவள்தான். சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் கலந்து, சொட்டு நீலம் விட்டு, வீட்டிலுள்ள பருத்தித் துணி எதையும் அதில் முக்காமல் விடமாட்டாள். மனதில் கள்ளம் இல்லை, வாயில் பூட்டும் இல்லை. "மயினிகிட்டச் சொன்னா அன்னைக்கு மத்தியானமே ஆலங்குளத்துக்குத் தெரிஞ்சிரும்" என்றாள் வடிவக்கா. அதனால், கட்டி எடுத்த கை வலிக்கிறது, அதற்குக் கரண்டு வைக்கப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். பேராச்சி நம்பினாள். முழங்கால் வலிக்கு அவளுக்கும் தென்காசியிலேயே ஒரு டாக்டர் கரண்டு வைத்திருந்தார், அது வேறு கரண்டு. "எனக்கு ஒண்ணும் கேக்கல. ஒனக்காவது கேக்கட்டும்" என்று இட்லி கட்டிக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் ஹைருன் பீவி என்று கடையநல்லூர்க்காரி ஒருத்தி பழக்கமானாள். அவளுக்கும் இதே நோய், இதே வைத்தியம். வடிவக்காவுக்குச் சில வாரம் முன்னால் தொடங்கியவள். ஒருநாள் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்து உட்கார்ந்தாள். அக்குளுக்குக் கீழே தோல் உரிந்து நீர் கசிந்ததால், புண் ஆறும்வரை கரண்டு கிடையாது என்று அனுப்பியிருந்தார்கள்.

"எனக்கு லீவு விட்டுட்டாவ" என்றாளாம் ஹைருன் பீவி. "உள்ள கெடக்கதுக்கு யாரு லீவு விடுவா? அது பாட்டுக்கு வளரும்லா?"

அன்று வடிவக்கா டாக்டரிடம் நேராகக் கேட்டாள். டாக்டரும் மறைக்கவில்லை. நடுவில் நிறுத்தாமல் முடித்தால்தான் இந்த வைத்தியத்துக்கு முழுப் பலன். முடிகிறவரை தோல் உடையக் கூடாது. இறுக்கம் கூடாது, தையல் உரசக் கூடாது, காற்றுப் போக வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: அறுவை செய்த இடம் மரத்துப் போயிருக்கும், உரசினாலும் தெரியாது, அதனால் வலியை நம்பாதீர்கள், தினமும் கண்ணாடியில் பாருங்கள்.

ஆக, அவள் உயிர் ஒரு சாண் தோலில் வந்து நின்றது.

வீட்டில் அத்தானின் பழைய மல் ஜிப்பாவை நைட்டிக்குள் போட்டுக்கொண்டு சமாளித்தாள். வெளியே என்ன செய்வது? ரவிக்கையின் கைத்தையல் சரியாக அந்த இடத்தில்தான் வந்து உட்காரும். தொளதொளவென்று வேறு ரவிக்கை தைக்கலாம் என்றால், எங்கள் தெரு டெய்லர் அம்மாள் அளவெடுக்காமல் விடமாட்டாள், அளவெடுத்தால் தெரிந்துவிடும். நைட்டியோடு பஸ் ஏற முடியாது. ஜிப்பாவைச் சேலைக்குள் போட்டுப் பார்த்தாள். அக்குளில் சுருண்டு கயிறு மாதிரி அறுத்தது.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ கண்ணில் பட்டது. மலையாளப் பெண் ஒருத்தி, ஊசி பிடிக்கவே தெரியாதவர்களும் பின்னலாம் என்று ஒரு கோடைச் சட்டையைக் காட்டினாள். கொக்கி ஊசி ஒன்று, பருத்தி நூல். முன்னுக்கு ஒரு சதுரம், பின்னுக்கு ஒரு சதுரம், தோளில் இணைத்தால் முடிந்தது. செங்கோட்டைப் பக்கத்து உறவுகளால் வடிவக்காவுக்கு மலையாளம் ஓரளவு விளங்கும். தையல் இல்லை, காற்றுப் போகும், யாரிடமும் அளவு கொடுக்க வேண்டாம். கேட்டால் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடலாம். வீங்குகிற இடது கைக்கு விரல் வேலை நல்லது என்று ஆஸ்பத்திரியில் ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். மறுநாளே தென்காசியில் ஒரு பேன்ஸி ஸ்டோரில் சந்தன நிறத்தில் குரோஷா நூலும் ஊசியும் வாங்கிவிட்டாள்.

அதற்குமுன் அவள் ஒரு பொத்தான்கூடத் தைத்தவள் அல்ல. அடி வரிசைக்கு நூலைச் சங்கிலியாகக் கோப்பதற்கே இரண்டு நாள் ஆனது. இறுக்கிப் பிடித்து இழுத்ததில் ஊசி நுழைய இடமில்லை. தளர்த்தினால் கொடிகொடியாகத் தொங்கியது. பிறகு கை பழகியது: ஊசியில் நூலைச் சுற்று, கண்ணுக்குள் விடு, இழு, இரண்டிரண்டாகக் கழற்று. வரிசை முடிந்தால் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசை. பஸ்ஸில் போகவர, ஆஸ்பத்திரிக் கூடத்தில் காத்திருக்கும்போது, எந்நேரமும் அதுதான். காதில் என் குரல், கையில் ஊசி. நான் வேலை பார்க்கும் மெல்பர்னில் அது முற்பகல். அலுவலகத்தின் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏட்டி, வரவர ஒடுங்குது. சட்டைன்னு ஆரம்பிச்சேன், இப்பப் பாத்தா கோமணத்துல வந்து நிக்கி" என்றாள் ஒருநாள்.

படம் அனுப்பினாள். உண்மையிலேயே முக்கோணம். ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்துக் கடைசிக் கண்ணை விட்டுவிட்டே திரும்பியிருந்தாள். அடித்த பத்திரத்தில் ஒரு சர்வே எண்ணை விட்டதில்லை அவள். முழுவதையும் பிரித்தாள். நூல் பஸ் தரையில் உருண்டு ஓட, முன் சீட்டு வரை தேடிப் போய்ப் பொறுக்கினாளாம். மீன்வலைப் பேச்சு அன்றுதான் புறப்பட்டிருக்க வேண்டும்.

கரண்டு வைத்த இடம் சிவந்து, பிறகு கறுத்து, மரக்காத ஓரங்களில் மட்டும் எரியத் தொடங்குவதற்கும் சட்டை முடிவதற்கும் சரியாக இருந்தது. இடது கையைத் தூக்க முடியாததால், வீடியோவில் சொல்லாத ஒன்றை அவளாகச் செய்திருந்தாள். இடப்பக்கத்தை இணைக்காமல் விட்டு, பக்கவாட்டில் நூல் முடிச்சுகள் வைத்துக்கொண்டாள். அரைக்கை, தளர்வான கழுத்து. ஒரு ஓரம் இன்னும் கோணல்தான். மேலே சேலையை இழுத்துச் சுற்றிப் போர்த்திக்கொண்டால் கை மட்டும் ஓட்டை ஓட்டையாக வெளியே தெரியும்.

"பொம்பளைப் புள்ளைங்க இதப் போட்டுட்டுத்தான் கடற்கரைக்குப் போவாளுவளாம். நான் போற எடத்தப் பாரு" என்றாள். "ஆனா நல்லாருக்குட்டி. மேல ஒண்ணு கெடக்குன்னே தெரியல."

ஹைருன் பீவி புண்ணுக்கு மருந்து வைக்க வந்தபோது அதைத் தொட்டுப் பார்த்து, "எக்கா, நாம ரெண்டு பேரும் பொழச்சுக் கெடந்தா எனக்கும் ஒண்ணு பின்னித் தாங்க. இப்பவே பின்ன வேண்டாம், வீணாப் போயிரக் கூடாதுல்லா" என்றாளாம். இருவரும் சிரித்தார்களாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வாரம் கடந்தது. நான்காவது வாரமும் கடந்தது. தோல் தாங்கியது. ராத்திரி சட்டையைத் தானே அலசி, பிழியாமல் உதறி, மின்விசிறிக்குக் கீழே போடுவாள். காலையில் விளக்கைப் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பாள். கறுப்பாய்த்தான் இருந்தது, உடையவில்லை. மீதி ஒரே வாரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேராச்சி கோயிலுக்குப் போய்விட்டு, செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"ஏட்டி வடிவு, வெளிய தலைகாட்ட முடியல என்னால. எந்தச் சிறுக்கியப் பாத்தாலும், ஒங்க வீட்டு மருமவ மீன்வலைய மாட்டிட்டு விடியக்காலம் எங்க போறான்னு கேக்கா."

"நீங்க என்ன சொன்னிய மயினி?"

"கை வலின்னு சொன்னா எவளும் நம்பல. தூத்துக்குடிக்கு வாவல் மீன் புடிக்கன்னு சொன்னேன். பின்ன என்னத்தச் சொல்ல?"

வடிவக்கா சிரித்திருக்கிறாள். பேராச்சிக்கு அது இன்னும் எரிச்சலாகிவிட்டது.

"சிரிக்காதட்டி. பீரோ நெறைய நல்ல ஜாக்கெட்டு கெடக்கு. அத விட்டுட்டு இது ஆக்கங்கெட்டுப் பழஞ்சாக்கு மாரி, தொளதொளன்னு. கை வலின்னா கைய ஆட்டாம இரு. மானத்த ஏன் வாங்குத? சுரண்டைக்காரங்க காதுல விழுந்தா, மாமியாக்காரி லூசுன்னு அந்தாக்குல எந்திரிச்சுப் போயிருவாவ."

"அப்பச் சொல்லிருக்கலாம்" என்று பிறகு என்னிடம் சொன்னாள் வடிவக்கா. வாய் வரை வந்ததாம். ஆனால் அடுத்த ஞாயிறு சுரண்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களே, ஒரே வாரம்தானே என்று விழுங்கிவிட்டாள். "இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கிடுங்க மயினி. அப்புறம் நானே இதத் தூக்கி எறிஞ்சிருதேன்" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பேராச்சி முன்னால் அவள் அழுததில்லை.

பேராச்சிக்கு அது தாங்கவில்லை. கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கத்திய அன்று சாயங்காலம் யாருக்குப் பிடித்ததையாவது செய்து வைப்பாள். அன்று வடிவக்கா மாத்திரை போட்டுக்கொண்டு பொழுதோடு படுத்துவிட்டாள். சட்டை குளியலறை வாளியில் கிடந்தது. பேராச்சி அதை எடுத்து நன்றாக அலசினாள். பிறகு, பழஞ்சாக்கு என்று சொல்லிவிட்டோமே, போடுகிறதுதான் போடுகிறாள், ஊர் வாயை அடைக்கிற மாதிரி விறைப்பாகவாவது போடட்டும் என்று, உலையில் வடித்த கெட்டிக் கஞ்சியில் நீலம் விட்டு முக்கி எடுத்து, உதறி, கொடியில் போட்டாள்.

ஆடிச் சாரலில் தென்காசியில் ஒரு துணியும் ஒரே ராத்திரியில் முழுசாகக் காயாது. திங்கட்கிழமை விடியுமுன் வடிவக்கா எழுந்தபோது பேராச்சி கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தூக்கம் கெடக் கூடாது, கெட்டால் நேற்றைய பேச்சு தொடங்கிவிடும் என்று விளக்கைப் போடவில்லை. அன்று கண்ணாடியும் பார்க்கவில்லை. கொடியில் தடவிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஈரம் இருந்தது. ஈரத்தில் கஞ்சி போட்ட துணி மெத்தென்றுதான் இருக்கும். லேசாகக் கஞ்சி வாடை. அது எங்கள் பக்கத்து வீடுகளில் எப்போதும் இருக்கிற வாடை.

பஸ் ஏறி எனக்குப் போன் செய்தாள். வெளியே தூறல் என்றாள். "இன்னைக்குச் சட்டை ஜில்லுன்னு கெடக்குட்டி. எரிச்சலுக்கு அப்பிடியே ஐஸ் வச்ச மாரி இருக்கு." எனக்கும் நிம்மதியாக இருந்தது. இந்த வாரம் முடிந்தால் என்னென்ன செய்யலாம் என்று பேசினோம். உமா கல்யாணத்துக்கு நான் வருவது, வந்தால் ஐந்தருவியில் குளிப்பது, அங்கே அவள் எதைப் போட்டுக்கொண்டு குளிப்பது என்பதெல்லாம்.

அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். பாவூர்சத்திரம் வரை மலைக்காற்றும் தூறலும் கூடவே வரும். ஆலங்குளம் தாண்டினால் வேறு ஊர், வேறு வானம். ஒரு சொட்டு இருக்காது. காற்றாலை இறக்கைகள் சுற்றுகிற வறண்ட காற்று, காலையிலேயே சுள்ளென்று வெயில். வடிவக்கா இடப்பக்கச் சன்னல் ஓரத்தில் இருந்தாள். வெயிலும் அந்தப் பக்கம்தான், காற்றும் அந்தப் பக்கம்தான். சட்டை அவள் மேலேயே காய்ந்தது. கெட்டிக் கஞ்சி வேட்டி வெயிலில் காய்ந்தால் தனியாக நிற்குமே, அப்படி. நூலின் ஒவ்வொரு கண்ணும் தேங்காய் நார் மாதிரி ஆனது. பஸ் குலுங்கக் குலுங்க, மரத்துப்போன தோலில் அது உரசிக்கொண்டே போனது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வலது தோளில் ஏதோ குத்துகிறதே என்று மட்டும் நினைத்தாளாம். கோணல் ஓரம் என்று விட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் முடிச்சை அவிழ்த்தபோது இடப்பக்கம் வரவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது. உப்புநீர் ஊற்றி ஊறவைத்துப் பிரித்தார்கள். அக்குளுக்குக் கீழே தோல் சட்டையோடு வந்துவிட்டது. மீதி இடத்தில் பின்னலின் கண்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. இயந்திரத்தை இயக்கும் பெண் வெளியே போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் பார்த்துவிட்டு, இன்று வேண்டாம் என்றார். எப்போது என்று கேட்டதற்கு, ஆறட்டும் என்றார்.

"நானே எனக்கு லீவு வாங்கிக்கிட்டேன்" என்றாள் வடிவக்கா போனில். குரல் வற்றியிருந்தது. கஞ்சி என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வீட்டில் போய்ச் சண்டை போடவில்லை. போட்டால் காரணம் சொல்ல வேண்டும். "கஞ்சி போட்டது நல்லாருந்துச்சாட்டி?" என்று பேராச்சி ஆசையாகக் கேட்டதற்கு, "நல்லாருந்துச்சு மயினி" என்றாள்.

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. சாரல் காய்ச்சல் என்று பேராச்சி சுக்கும் மிளகும் தட்டிக் கஷாயம் வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்று நான் கெஞ்சினேன். சுரண்டைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள், உமா சனிக்கிழமை வந்துவிடுவாள், அதற்குள் சரியாகிவிடும் என்றாள். அத்தானுக்குச் சொல்லாதே என்றாள். நான் சொன்னேன். வியாழக்கிழமை மத்தியானம் அவள் உடம்பு தூக்கிப்போட ஆரம்பித்தது. காட்டேஜில் அத்தனை அறையும் நிறைந்திருக்க, அத்தான் சாவிக் கொத்தை மேஜையில் போட்டுவிட்டுக் கார் எடுத்துக்கொண்டு வந்தார். பெண்கள் வார்டில் துணைக்கு ஒரு பெண் இருந்தாக வேண்டும் என்பதால் பேராச்சியும் ஏறிக்கொண்டாள்.

மறுநாள் வடிவக்காவே எனக்குப் போன் செய்தாள். வார்டு சத்தத்துக்கு நடுவே மிகவும் மெதுவாகப் பேசினாள்.

திங்கட்கிழமை சட்டையை ஊறவைத்துப் பிரித்த அதே நர்ஸ் கட்டைப் பிரித்து மாற்றும்போது, "யாரும்மா இவங்க துணிக்குக் கஞ்சி போட்டது?" என்று கேட்டாளாம்.

"நாந்தான் தாயி" என்றாளாம் பேராச்சி. "எங்க வீட்டுல எல்லாத்துக்கும் நாந்தான் போடுவேன். கடைக் கஞ்சியே தொடமாட்டேன்."

நர்ஸ் சின்னப் பெண். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். கேன்சருக்குக் கரண்டு வைத்த உடம்பில் இதைப் போட்டு அனுப்பியிருக்கிறீர்களே, படித்துப் படித்துச் சொன்னோமே என்றாள். பேராச்சி நர்ஸைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். கட்டு பிரித்திருந்ததால் அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த இடத்தையும் பார்த்தாள்.

"கட்டின்னுதானட்டி சொன்ன" என்றாள்.

கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்திருக்கவில்லை.

"அவ கேட்டதுல தப்பில்ல செல்வி" என்றாள் வடிவக்கா. "ஒரு வார்த்தை சொல்லிருந்தா அவ அந்தச் சட்டைய உள்ளங்கையில வச்சுத் தாங்கிருப்பா." மூச்சு வாங்கியது. "அவ மேல ஒண்ணும் இல்லன்னு நீ சொல்லு அவகிட்ட. நான் சொன்னா நம்பமாட்டேங்கா."

"நீயே சொல்லலாம்க்கா. வீட்டுக்குப் போய்ச் சொல்லு."

"ம்" என்றாள். அதற்குள் யாரோ வந்து போனை வாங்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை அத்தான் ஒரு நிமிஷம் பேசினார். புண்ணிலிருந்து கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது, பிரஷர் இறங்குகிறது, ஐசியூவுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்றார். உமா பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள், அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றார். நான் டிக்கெட் பார்க்கிறேன் என்றேன். "பாரு" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பயமாக இருந்தது. எப்போதும், எதுக்கும்மா வீண் செலவு என்பவர்.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீதேவி கூப்பிட்டாள்.

"வடிவு ஆஸ்பத்திரியிலயாமே? நான் பேராச்சி ஆச்சிக்குப் போன் போட்டேன். சாரல் காய்ச்சல், வேற ஒண்ணுமில்ல, திங்கக்கெழமை வந்துருவான்னு சொல்லிட்டு வச்சிட்டா. எப்பிடித் தோண்டித் தோண்டிக் கேட்டாலும் அதையேதான் சொல்லுதா. ஆச்சி வாயிலருந்து ஒரு விஷயத்த வாங்க முடியாம நான் இன்னைக்குத்தான் பாக்கேன். சுரண்டைக்காரங்களுக்கும் அவளே போன் பண்ணி, அடுத்த வாரம் வாங்கன்னுட்டாளாம். ஏட்டி, ஒனக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

பயணச் சீட்டு ஞாயிறு ராத்திரிக்குத்தான் கிடைத்தது. சிங்கப்பூர் வழியாகத் திருவனந்தபுரம், அங்கிருந்து கார். அதைச் சொல்லத்தான் அத்தானுக்குப் போட்டேன். மணி முழுசாக அடித்து நின்றது. வடிவக்காவின் எண்ணுக்குப் போட்டேன், அணைத்து வைத்திருந்தார்கள். உமாவுக்குப் போடக் கை போனது. போட்டால் அவள் கேட்பாள், நான் என்ன சொல்வேன் என்று விட்டுவிட்டேன்.

பேராச்சியின் எண்ணுக்குப் போட்டேன். அவள்மேல் ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னாளே, அதை நான் இன்னும் சொல்லவில்லை. மணி அடிக்கிறது. பேராச்சி போனை எப்போதும் மடியிலேயே வைத்திருப்பவள். முதல் மணியிலேயே எடுத்து, யாரு என்று கத்துபவள். நின்றுவிட்டது. திரும்பவும் போட்டிருக்கிறேன். அடித்துக்கொண்டிருக்கிறது.